நெத்தியில் வெள்ளை

பாம்பனில் எனக்கு ஒரு தாய்மாமா இருக்கிறார். நாற்பது வருசம் கடலுக்குப் போனவர். இப்போது முட்டி வலி, கரையோடு சரி. அவர் சொல்லும் கடல் கதைகளில் பாதியை நான் நம்பியதில்லை. சுறா வாலைப் பிடித்துப் படகு ஏற்றிய கதையை இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் குதிரைக் கதையை நம்பாமல் விட்டது என் தப்பு.

2003 வாக்கில் நடந்தது. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதம். ராத்திரி வலையை இழுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது. காற்று ஒரு பக்கம், நீவாடு என்கிற கடல் நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, படகு வடகிழக்கே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அடியில் பார், அதாவது கடலடிப் பாறை, தட்டுகிற இடத்தில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, கண்ணை மூடாமல் நாலு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“விடிஞ்சு பாத்தா கரையில குதிரை நிக்கிது மருமகனே. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு மந்தை. அதுல ஒரு பெட்டை, நெத்தியில வெள்ளை, குட்டிய முன்னால விட்டுக்கிட்டு நேரா தண்ணி ஓரத்துக்கு வந்து எங்களையே பாக்குது.”

நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். “கடல் தண்ணி குடிக்க வந்துச்சா மாமா?” என்று கேட்டுச் சிரித்தேன். அத்தையும் சிரித்தது. மாமா அதற்கப்புறம் அந்தக் கதையை என்னிடம் சொல்லவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து ஒருநாள் நெடுந்தீவு பற்றி எதையோ தேடிக்கொண்டிருந்தபோது திரையில் வந்து நின்றது அதே கரை. தட்டையான நிலம், பவளப்பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், நடுவே குட்டையான பழுப்புக் குதிரைகள். ‘நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது’ என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பேப்பரில் பார்க்கிற அதே நெடுந்தீவு. எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் கைதும் படகுப் பறிமுதலும்தான் ஞாபகத்துக்கு வரும். குதிரை யாருக்கும் வராது.

நெடுந்தீவு யாழ்ப்பாணத் தீவுகளில் ஒதுங்கிக் கிடக்கிற ஒன்று. நமக்கு அது கச்சத்தீவுக்கு அந்தப் பக்கம். போர்த்துக்கீசியர் அங்கே குதிரை விட்டார்கள், அவர்களுக்குப் பின்னால் வந்த டச்சுக்காரர்கள் அதை ஒரு பண்ணையாகவே நடத்தினார்கள். அந்தத் தீவுக்கு டெல்ஃப்ட் என்று தங்கள் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி தீவைப் பார்த்துக்கொண்டார், குதிரை வளர்ப்பும் அவர் கையில் இருந்தது. அப்புறம் பண்ணை போயிற்று, அதிகாரி போனார், லாயத்தின் கல்தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. குதிரைகளை ஏற்றிக்கொண்டு போக யாரும் வரவில்லை. அவை தம்பாட்டுக்கு மேய்ந்து, தம்பாட்டுக்குக் குட்டி போட்டு, சண்டைக் காலத்தையும் தாண்டி இன்றுவரை கிடக்கின்றன. 2015இல் அவை மேயும் பகுதியைச் சேர்த்துத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

பூங்கா என்றதும் ஏதோ பசுமையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அது பவளப்பாறைத் தீவு. மழைத் தண்ணீர் பாறைக்கு மேலே மெல்லிய ஏடாக நிற்கும், கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் உப்பு. நம் ராமேஸ்வரம் தீவில் கிணறு வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடை நீண்டால் குட்டைகள் வற்றிவிடும். வறட்சி வந்த வருசங்களில் குதிரைகள் செத்து விழுந்த படங்கள் செய்தியில் வந்தன. தொட்டி கட்டித் தண்ணீர் ஊற்றித்தான் காப்பாற்றுகிறார்கள். மாமாவின் குதிரை ஆடி மாதத்தில் கடல் ஓரத்துக்கு வந்து நின்றதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. அந்தக் கரையில் விட்டுப் போன குதிரை முந்நூறு வருசம் தாண்டி நிற்கிறது. இந்தக் கரையில் அதைவிடப் பல மடங்கு குதிரை வந்து இறங்கியதே, அதெல்லாம் எங்கே?

வந்து இறங்கியதற்கு ஆதாரம் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டாம். ராமநாதபுரத்திலிருந்து பெரியபட்டினத்துக்கு டவுன் பஸ் ஓடுகிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அங்கே தோப்புகளுக்குள் நடந்தால் காலில் ஓடு தட்டுப்படும். எல்லாம் நம் சட்டிபானை ஓடு இல்லை. சிலது பச்சை கலந்த நீலத்தில், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும், சீனத்துப் பீங்கான். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோதும் இந்தச் சீன ஓடுகள் நிறையக் கிடைத்தன. பாண்டியர் காலத்தில் அந்த ஊருக்குப் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று பெயர். பக்கத்துத் திருப்புல்லாணிக் கோயில் கல்வெட்டு, அந்தப் பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிக்கு, அதாவது முஸ்லிம் வணிகர்களின் பள்ளிவாசலுக்கு, நிலம் விட்டதைச் சொல்கிறது. பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசல் நிலக் கணக்கு. எங்கள் பக்கத்தில் இது ஆச்சரியமான விஷயமும் இல்லை. கிழக்கே சீனக் கப்பல், மேற்கே அரபுக் கப்பல், நடுவில் இந்தக் கரை. அரபுக் கப்பல்களில் வந்த சரக்கில் பெரிய பணம் புரண்டது குதிரையில்தான்.

எவ்வளவு பணம் என்பதற்கு வசாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பாண்டிய நாட்டுக்கும் குஜராத்துக் காம்பே முதலான துறைகளுக்கும் சேர்த்து வருசத்துக்கு 10,000 குதிரை. தலைக்கு 220 தினார், செம்பொன். மொத்தம் 22 லட்சம் தினார். இது போக, பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவில் இருந்த ஒரு பெரிய வணிகர் தன் சொந்த லாயத்திலிருந்து வருசம் 1,400 குதிரை பாண்டியனுக்கு அனுப்ப ஒப்பந்தம். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியனே விலை தரவேண்டும் என்று பேச்சு. இந்த ஒப்பந்தத்தை யார் எழுதினார்களோ, அவர்கள் வியாபாரத்தில் பெரிய ஆள். அந்த வணிகரின் தம்பிதான் பாண்டியனுக்கு மந்திரி என்று தெரிந்த பிறகு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அதே காலத்தில், 1290களில், இந்தக் கரைப்பக்கம் வந்து போன மார்க்கோ போலோ இன்னொரு பாதியைச் சொல்கிறார். ஐந்து அரசர்கள், சகோதரர்கள், ஒவ்வொருவரும் வருசத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறார்கள். வருசக் கடைசியில் நூறுகூடத் தேறுவதில்லை. குதிரை வைத்தியம் தெரிந்தவன் ஒருவன்கூட இங்கே இல்லை. குதிரையோடு அப்படி ஒருவன் கப்பல் ஏறி வந்துவிடாமல் வியாபாரிகள் பார்த்துக்கொள்கிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருசமும் கப்பல் வரும்.

தீனி விவரம் இன்னும் மோசம். வேகவைத்த சோறும் இறைச்சியும் என்கிறார் மார்க்கோ போலோ. வறுத்த வாற்கோதுமை, நெய்விட்டுப் பிசைந்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால் என்கிறார் வசாஃப். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குப் போடுகிற மாதிரி போட்டிருக்கிறார்கள். புல் தின்று, நடந்து, ஓடி வளர்கிற பிராணிக்கு நெய்ச்சோற்றைப் போட்டு லாயத்தில் கட்டி வைத்தால் என்ன ஆகும்? வயிறு அடைக்கும், குளம்பு வெந்து போகும். அன்பில் குறை இருந்திருக்காது. ஆனால் அன்பை வைத்துக் குதிரை வளர்க்க முடியாது.

குட்டி விஷயத்தையும் மார்க்கோ போலோ விடவில்லை. நல்ல ஆண் குதிரையை நல்ல பெட்டையோடு சேர்த்தாலும் இங்கே பிறக்கிற குட்டி கால் கோணி, ஏறி ஓட்ட ஆகாததாக இருக்கிறதாம். காற்று ஈரம், உப்பு, புல்லில் சத்துக் குறைவு என்று காரணம் சொல்லலாம். எதிரே இருக்கும் நெடுந்தீவில் மட்டும் காற்றில் உப்பு இல்லையா என்ன?

மாணிக்கவாசகர் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் குதிரைக்காரன் கண்ணால் அதை ஒரு தடவை படித்துப் பாருங்கள். பாண்டிய அரசன் கருவூலப் பணத்தைக் கொடுத்துக் கீழைக் கடற்கரைக்கு வந்து இறங்கியிருக்கும் குதிரைகளை வாங்கிவரச் சொல்கிறான். அமைச்சர் திருப்பெருந்துறைக்குப் போகிறார், இன்றைய ஆவுடையார்கோவில், எங்கள் தொண்டியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம். அங்கே குருவைக் கண்டு, குதிரைப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். அரசன் கேட்கிறான், குதிரை எங்கே? சிவன் நரிகளைப் பிடித்துப் பரியாக்கித் தானே குதிரை வணிகனாக ஓட்டிவருகிறார். அரசன் மகிழ்ந்து லாயத்தில் கட்டுகிறான். ராத்திரி எல்லாம் மறுபடி நரியாகி, ஏற்கெனவே இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிடுகின்றன. மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றைக்கும் நரியைப் பரியாக்கிய லீலை நடக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் காலைக் காட்சி. சாயங்காலம் காசு கொடுத்து எண்ணிக் கட்டிய குதிரை, விடிந்து பார்த்தால் லாயம் காலி. மார்க்கோ போலோ சொல்கிற கணக்கும் அதேதான். இன்னொன்றும் உண்டு. வசாஃப், குதிரைக்கான அந்த 22 லட்சம் தினாரும் கோயில் சொத்துகளின் வருமானத்திலிருந்து கொடுக்கப்பட்டது என்கிறார். ஒரு கதையில் குதிரைப் பணம் கோயிலுக்குப் போகிறது, இன்னொன்றில் கோயில் பணம் குதிரைக்குப் போகிறது. எப்படிப் போனாலும் கடைசியில் குதிரை இல்லை.

சொல் மட்டும் தங்கியிருக்கிறது. குதிரை வீரனுக்கு, குதிரைக்காரனுக்கு ராவுத்தர் என்று பெயர் வந்து, அது ஒரு சமூகத்தின் பெயராகவே நின்றுவிட்டது. அருணகிரிநாதர் முருகனையே மயிலேறும் ராவுத்தன் என்று பாடிவிட்டார். ‘மரக்கலத்தோடு மரக்காயர், குதிரையோடு ராவுத்தர்’ என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இனம் என்று சொல்கிறோமே, அது எப்படி உண்டாகிறது? எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் வெள்ளை ஆடு இங்கே உருவானது. கீழக்கரிசல் ஆடு இங்கே உருவானது. கிடை போட்டு வயலுக்கு எருவாக்குகிற நாட்டு மாடு இருக்கிறது. வேட்டைக்கு நாய் இருக்கிறது. இவற்றை எந்த அரசனும் உண்டாக்கவில்லை. ஊர் ஊராகக் கிடை போட்டு மேய்க்கிற கீதாரிகள் உண்டாக்கினார்கள். எந்தப் பெட்டை வெயிலில் நின்றும் குட்டி ஈன்றதோ அதை வைத்துக்கொண்டார்கள், தாங்காததைச் சந்தைக்கு ஓட்டினார்கள். இப்படி நூறு தலைமுறை போனால் அது அந்த மண்ணின் இனம்.

குதிரை அவர்கள் கைக்கு வரவே இல்லை. அது அரண்மனை லாயத்துக்குப் போனது, அங்கிருந்து சண்டைக்குப் போனது, அங்கேயே முடிந்தது. ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ என்று பட்டினப்பாலை பாடிய காலத்திலிருந்தே அது நீரில்தான் வந்துகொண்டிருந்தது. ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு மேல் வாங்கிக்கொண்டே இருந்துவிட்டோம். வாங்க முடிகிறவன் வளர்க்க மாட்டான். இது என் தீர்ப்பு, வரலாற்றுப் பேராசிரியர்கள் சண்டைக்கு வரலாம்.

கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம்தான் இந்தியாவில் எது இனம், எது கலப்பு என்று பதிவு செய்கிறது. அதன் குதிரைப் பட்டியலைப் பார்த்தால் மார்வாரி, காத்தியவாரி, கச்சி-சிந்தி, மணிப்பூரி, ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா, அண்மையில் சேர்ந்த தக்காணத்து பீம்தடி. அதற்குத் தெற்கே ஒன்றும் கிடையாது.

அந்தப் பட்டியலில் இருப்பவை மட்டும் சௌக்கியமாக இருக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து 3.4 லட்சம். அதற்கு முந்தைய 2012 கணக்கைவிட 45 சதவீதத்துக்கு மேல் குறைவு. கழுதை இன்னும் மோசம், 61 சதவீதம் போய்விட்டது. வண்டி இழுக்க வேலை இல்லை, அவ்வளவுதான். போலோ விளையாட்டுக்குத் தாய்வீடு மணிப்பூர். அந்த ஆட்டத்துக்குக் காரணமான மணிப்பூரிக் குதிரை அந்தக் கணக்கெடுப்பில் 1,089தான். மேய்ந்த சதுப்பு நிலங்களில் கட்டடம் வந்துவிட்டதால் நகரத் தெருக்களில் குப்பை கிளறித் தின்றுகொண்டு திரிகின்றன. 2016இல் அதற்கென்று அரசு தனிக் கொள்கையே வகுத்தது.

மார்வாரியின் கதை வேறு. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் குதிரை. ராஜபுத்திரர்களின் போர்க்குதிரை. 1930களிலேயே தேய்ந்துகொண்டு வந்தது, ஜோத்பூர் அரசர் உமைத் சிங் கொஞ்சம் தூக்கி நிறுத்தினார். சுதந்திரத்துக்குப் பிறகு ஜாகீர் என்கிற பிரபுக்களின் நிலவுரிமை ஒழிந்தபோது தீனி போட ஆளில்லை. விற்றார்கள், கொன்றார்கள், காயடித்துப் பாரம் இழுக்க விட்டார்கள். அப்புறம் பேரன் கஜ் சிங்கும் வேறு சில குதிரைப் பைத்தியங்களும் சேர்ந்து நல்ல பெட்டைகளையும் பொலிகுதிரைகளையும் தேடித் திரட்டினார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை வந்தது. 2023 மே மாதம் பிகானேரில் ஒரு மார்வாரிக் குட்டி பிறந்தது. கருவை ஒரு பெட்டையிலிருந்து எடுத்து இன்னொன்றின் வயிற்றில் வைத்து ஈனவைத்த முதல் மார்வாரிக் குட்டி அது, எடை 23 கிலோ, பெயர் ராஜ் பிரதமா. அரசகுலத்துக்காக உண்டான குதிரை ஆய்வுக்கூடம் வரை வந்து பிழைத்திருக்கிறது என்றால், இடையில் யாரோ சில பேர் அதை வளர்ப்பதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

அந்த மார்வாரி இப்போது எங்கள் கரைக்கும் வந்துவிட்டது, இந்தத் தடவை லாரியில். என் நண்பன் ஒருவன் கல்யாண ஊர்வலத்துக்கும் சந்தனக்கூட்டுக்கும் குதிரை விடுகிறான். இரண்டு வருசத்துக்கு முன் ஆடியில் அவனோடு அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனேன். வெள்ளை நுக்ரா, காத்தியவாரி, மார்வாரி, அதற்கும் இதற்கும் பிறந்தது, எல்லாம் வரிசையாக. வியாபாரி வாயால் ஒரு சத்தம் கொடுத்ததும் குதிரை காதை விறைத்தது, நுனி இரண்டும் முட்டின. “பாருங்கண்ணா, சுத்த ரத்தம்” என்றார். நண்பன் காதைப் பார்க்கவில்லை. கை விரலை நனைத்து நெற்றி முடியை ஒதுக்கிச் சுழி பார்த்தான், கழுத்துச் சுழி, விலாச் சுழி பார்த்தான், அப்புறம் ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பை முகர்ந்து பார்த்தான். மோந்து என்ன தெரியும் என்றேன். “அழுகல் இருந்தா நாறும்டா பங்காளி, லாடத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பாங்க” என்றான். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடிய மதியம் ஆகிவிட்டது.

மார்வாரிப் பெட்டை வந்து மூன்றாம் மாதம் தீனி எடுக்காமல் படுத்துவிட்டது. தரையில் புரண்டது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மருத்துவர் வர நேரமாகும். நண்பன் என்னைக் கூப்பிட்டு ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். அப்போதுதான் போட்டிருந்த லத்தி ஐந்தாறு உருண்டையை அதில் போட்டுக் கையால் கரைத்தான். நாரெல்லாம் மேலே மிதந்தது. மெல்லத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினான். வாளி அடியில் இரண்டு கைப்பிடி மணல். சுத்தமான, வெள்ளையான, எங்கள் கடற்கரை மணல்.

தரையில் கொட்டிய தவிட்டோடும் வேரோடு பிடுங்கித் தின்கிற புல்லோடும் மணல் உள்ளே போய்க் குடலில் தங்கிவிடுகிறது. அன்றைக்குப் பிழைத்துக்கொண்டது. அதற்கப்புறம் தொட்டி கட்டித் தரைக்கு மேலேதான் தீனி. வாரம் ஒருதரம் வாளிச் சோதனை. மார்க்கோ போலோ காலத்தில் இந்த வாளி ஒன்று பாண்டியன் லாயத்தில் இருந்திருந்தால் எத்தனை குதிரை மிஞ்சியிருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். அதிகப்பிரசங்கித்தனம்தான், இருக்கட்டும்.

எங்கள் மண்ணிலேயே பிறந்து எங்கள் வெயிலைத் தாங்குகிற குதிரை ஒன்றே ஒன்று. அதை மண்பாண்டம் வனைகிற வேளார் செய்கிறார். ஊர் கூடிப் பிடிமண் எடுத்துக் கொடுத்தால் அய்யனாருக்குப் புரவி செய்யத் தொடங்குவார். கால் நாலையும் குழாய் போலத் தனித்தனியாக வனைந்து நிறுத்தி, அதன் மேல் வயிற்றை வளையம் வளையமாக ஏற்றி, கடைசியில் கழுத்தும் தலையும். களிமண்ணில் உமியும் மணலும் கலக்காவிட்டால் சூளையில் வெடித்துவிடும். குதிரை குடலைக் கெடுக்கிற அதே மணல், மண் குதிரை வயிற்றைக் காக்கிறது. புரவி எடுப்பு அன்று அவற்றைத் தூக்கிக்கொண்டு ஊரே அய்யனார் கோயிலுக்கு நடக்கும். அப்புறம் அவை அங்கேயே மழையில் ஊறி, காது உடைந்து, மூக்கு உடைந்து, செடி முளைத்து மண்ணோடு போகும். அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை. இப்போது பல ஊர்களில் ஒரேயடியாகச் சிமெண்டில் கட்டி பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். வேளாருக்கு வேலை இல்லை. அந்த மண்குதிரை இனமும் குறைந்துகொண்டு வருகிறது என்று எழுதலாமா? எழுதுகிறேன்.

போன தை மாதம் கோடியக்கரைக்குப் போயிருந்தேன். எங்கள் பாக் நீரிணைக் கரையிலேயே வடக்கே போனால் நாகப்பட்டினம் மாவட்டத்தின் மூக்கு. 1967இலிருந்து சரணாலயம், வெளிமானுக்காக. அங்கேயும் ஆளில்லாத மட்டக்குதிரைகள் திரிகின்றன. முன்பு ஊரில் வளர்த்து விட்டவை, காட்டுக்குள் பெருகியவை. வேலி ஓரத்தில் ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். முழங்கால் வரை சேறு, பிடரியில் சீமைக் கருவேல முள், வாயில் புல். கொஞ்சம் தள்ளி ஆண் வெளிமான் ஒன்று முறுக்குக் கொம்போடு நின்று இவற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே குதிரையைப் பற்றிப் பேசினால் புகார்தான். மான் தின்ன வேண்டிய புல்லைத் தின்கிறது, கருவேல நெற்றைத் தின்று லத்தியில் விதையைப் பரப்புகிறது, அப்புறப்படுத்த வேண்டும். புகார் நியாயமானது. சரணாலயம் மானுக்குத்தான். ஆனால் அதே மாதிரிக் குதிரை, அதே மாதிரி விட்டுப்போன குதிரை, நீரிணைக்கு அந்தப் பக்கம் இருந்தால் அதற்காகவே பூங்கா, இந்தப் பக்கம் இருந்தால் ஊடுருவல். எங்கள் மீனவர்களிடம் இதைச் சொன்னால், அந்த எல்லைக் கோட்டைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா என்பார்கள்.

அதில் ஒன்றின் உயரத்தையாவது அளந்து, ரத்தம் எடுத்து, நெடுந்தீவுக் குதிரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் அப்புறப்படுத்தட்டும் என்பது என் ஆசை. இவ்வளவு உப்பிலும் சேற்றிலும் கோடையிலும் தானாகப் பிழைத்து, கால் கோணாத குட்டி போடுகிற குதிரை இந்தக் கரையில் வேறு எது இருக்கிறது? பாண்டியனுக்கு 22 லட்சம் தினாரில் கிடைக்காதது.

ஊருக்குத் திரும்பியதும் பாம்பன் போனேன். போனில் நெடுந்தீவு வீடியோ ஒன்றை எடுத்து மாமாவிடம் நீட்டினேன். இருபது வருசம் கழித்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். குதிரைகள் கரையோரம் நடந்துபோயின. அவர் குதிரையைப் பார்க்கவில்லை, பின்னால் தண்ணீரைப் பார்த்தார்.

“அந்தா, அலை உடையுது பாரு. அந்தப் பார்லதான் நங்கூரம் பிடிச்சுச்சு.”

அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தது. மாமா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி வாங்கிக்கொண்டார்.

“நெத்தியில வெள்ளை இருந்துச்சே ஒரு பெட்டை. அது இருக்கா பாரு.”

இவ்வளவு வருசத்துக்கு அது இருக்காது மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தோம். மூன்றாவது நிமிடத்தில் ஒரு குட்டி திரும்பியது. நெற்றியில் வெள்ளையா, வெயில் படுகிறதா என்று இரண்டு பேருக்கும் சரியாகத் தெரியவில்லை.